என் பெயரில் ஒரு ரத்தம்

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். அந்த ஆள் கண்ணாடியைக் கழற்றினால் நல்ல சேதி வராது.

"ரத்த டெஸ்ட்ல போன தடவைக்கு இப்ப நாலு மடங்கு ஏறியிருக்கு. இன்னைக்கே படுக்கணும்" என்றார்.

என் மனைவி அழ ஆரம்பித்தாள்.

அந்த ரத்தம் என்னுடையது இல்லை.

இதயம் திணற ஆரம்பித்தால் ரத்தத்தில் எதையோ கசியவிடுமாம். அதை மெஷினில் அளந்து ஒரு நம்பர் கொடுக்கிறார்கள். நம்பர் ஏற ஏற இதயம் படுக்கிறது என்று கணக்கு. சொட்டு ரத்தத்தை வைத்துக்கொண்டு உள்ளே இருப்பதைச் சொல்கிறவனை நான் ஜோசியக்காரனோடுதான் சேர்ப்பேன். ஆனாலும் பயம் விடுகிறதா?

நம்பர் ஏறினால் மாடி வார்டு. என் அண்ணன் அந்த வார்டுக்குத் தன் காலால் நடந்து போனவன். திரும்பி வர நாலு பேர் தேவைப்பட்டார்கள்.

எனக்கு இந்தத் தடவை ஏறித்தான் இருக்கும். நீர் பிரிவதற்குக் கொடுத்த மாத்திரையை நான் ஒழுங்காகப் போடுவதில்லை. சலூன் வைத்திருக்கிறவன். ஆளை நாற்காலியில் சாய்த்து, பாதி முகத்தை நுரையோடு விட்டுவிட்டுக் கக்கூசுக்கு ஓட முடியுமா? வந்தவன் துண்டோடு எழுந்து அடுத்த கடைக்குப் போய்விடுவான்.

அதனால்தான் மச்சானிடம் பேச்சுவாக்கில் சொன்னேன். என் மனைவியின் தம்பி. சிமென்ட் மூட்டை ஏற்றி இறக்குகிறவன். கழுத்து எங்கே முடிகிறது, தோள் எங்கே தொடங்குகிறது என்று தெரியாத உடம்பு.

"உன் ரத்தமா இருந்தா அந்த மெஷினே வெக்கப்படும்டா" என்றேன்.

"அதுக்கென்ன மாமா, நானே குடுத்துடறேன்" என்றான்.

விளையாட்டுக்குச் சொன்னதைப் பிடித்துக்கொண்டான். நானும் விடவில்லை.

மனைவி பணம் கட்டும் வரிசையில் நின்றபோது ரத்தம் எடுக்க என் பெயரைக் கூப்பிட்டார்கள். மச்சான் எழுந்து போய்ச் சட்டைக் கையைச் சுருட்டினான். ஊசி போடுகிற பெண் நரம்பைத்தான் பார்த்தாள். முகத்தைப் பார்க்கவில்லை. இவர்கள் லட்சணம் இவ்வளவுதான் என்று எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு.

இப்போது டாக்டர் என் காலை அமுக்கிப் பார்த்தார். நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். நெற்றி சுருங்கியது.

"கால் வீக்கம் அவ்வளவு மோசமில்லையே" என்று தனக்குத்தானே முனகினார்.

மெஷின் பொய் சொல்கிறது என்று நினைத்தேன். நினைக்க ஆசைப்பட்டேன் என்பதுதான் சரி. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மச்சான் பக்கம் திரும்பப் பயமாக இருந்தது. என்னைவிட எவ்வளவோ சின்னவன். பெண்பிள்ளைகள் இன்னும் பள்ளிக்கூடம் தாண்டவில்லை.

வாயைத் திறந்தால் குட்டு உடையும். என் கையில் ஊசி ஏறும், என் நம்பரும் ஏறித்தான் வரும், மாடிக்கு நானும் போவேன். திறக்காவிட்டால் இவன் இங்கிருந்து நேராக லாரிக்குப் போய் மூட்டைக்குத் தோள் கொடுப்பான்.



"டாக்டர், அது வந்து..." என்று ஆரம்பித்தேன்.

மச்சானின் கை என் தொடையில் விழுந்து அழுத்தியது. சுமை தூக்குகிறவன் கை. வலித்தது.

அவன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"இவருக்கு ராத்திரி மல்லாந்து படுத்தா மூச்சு முட்டுது டாக்டர். எந்திரிச்சு ஜன்னல் கம்பியைப் புடிச்சு உக்காந்தாதான் அடங்குது. வீட்ல யாருக்கும் தெரியாது, பயந்துடுவாங்க. இது மாத்திரையில நிக்குமா?"

டாக்டர் தலையாட்டிக்கொண்டே எழுதினார்.

நான் மல்லாந்து படுத்தால் விடிகிறவரை குறட்டை விடுகிறவன். தினமும் என்னை உலுக்கிப் புரட்டிப் போடுகிறவளுக்கு அது தெரியும்.

என் மனைவியின் அழுகை நின்றது. அவள் என்னைப் பார்த்தாள். பிறகு மெல்லத் தம்பியின் பக்கம் திரும்பினாள்.