மூன்றாவது பிரதி

“எத்தனை இடத்துலய்யா உடைஞ்சிருக்கு?” இன்ஸ்பெக்டரின் குரலில் நிஜமான கவலை இருந்தது.

“ரெண்டு இடத்துலங்கய்யா. நடுவுல ஒண்ணு, நுனிகிட்ட ஒண்ணு,” என்றார் ஸ்டேஷன் ரைட்டர்.

“கட்டுப் போட்டுப் பார்த்தா?”

“நிக்காதுங்கய்யா.”

இன்ஸ்பெக்டர் உச்சுக் கொட்டினார். மேஜை மேல் பதினேழாம் நம்பர் லத்தி மூன்று துண்டாகக் கிடந்தது.

விசாரணைக்குக் கூட்டிவந்த பையனைப் பற்றிக் கவலையில்லை. அவனுக்கு வலது முழங்கை ஒரே இடத்தில்தான் உடைந்திருந்தது. மாவுக்கட்டோடு ஆஸ்பத்திரியில் இருந்தான். ‘குளியலறையில் வழுக்கி விழுந்தார்’ என்ற அந்த ஒற்றை வரியை, டீ ஆறுவதற்குள் ரைட்டர் எழுதி முடித்துவிட்டார். அந்தக் குளியலறையில் மூன்று மாதமாகத் தண்ணீர் வரவில்லை என்பதை யாரும் கேட்கப்போவதில்லை.

லத்தி அப்படியில்லை, அரசாங்கச் சொத்து. உடைந்தால் பதினோரு கேள்விகள் கொண்ட படிவம், மூன்று பிரதி. ஒன்று ஸ்டேஷனுக்கு, ஒன்று மேலிடத்துக்கு, ஒன்று லத்தி வழங்கும் பண்டகசாலைக்கு.

“கை தவறி விழுந்து உடைஞ்சதுன்னு எழுதிடவாங்கய்யா?”

“கெடுத்தய்யா காரியத்தை! அது கவனக்குறைவு. மெமோ வரும், ப்ரமோஷன் போகும். நடந்ததை நடந்தபடி எழுது.” இன்ஸ்பெக்டர் விரலை ஆட்டினார். “அரசாங்கச் சொத்து விஷயத்துல பொய் எழுதக் கூடாதுய்யா.”

ரைட்டர் கார்பன் தாள்களைச் செருகிக்கொண்டு குனிந்தார். வலது தோள்பட்டை விண்விண்ணென்று தெறித்தது. காலையில் தைலம் தேய்த்துவிட்ட மனைவி, “அப்படி என்னத்தைத்தான் எழுதித் தள்ளுறீங்களோ!” என்று அலுத்துக்கொண்டபோது, அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏழாவது கேள்வி: எதன் மீது பட்டு உடைந்தது? ‘விசாரணைக்கு அழைத்துவரப்பட்டவரின் வலது முழங்கை மீது.’ எட்டாவது கேள்வி: எந்த அளவுக்குப் பயன்படுத்தப்பட்டது? யாரையும் கேட்காமல், ‘பன்னிரண்டு அடி’ என்று எழுதினார்.

இன்ஸ்பெக்டர் படித்துவிட்டு, “லத்திக்கு இப்படி ஒரு இரங்கல் யாரும் எழுதினதில்லைய்யா!” என்று கையெழுத்துப் போட்டார். மூன்றே நாளில் புது லத்தி வந்தது. நல்ல கனம்.

அந்த வாரம் ரைட்டரின் மகன் முழங்காலில் சிராய்ப்போடு வந்து, “வழுக்கி விழுந்துட்டேன்ப்பா” என்றான். அவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவிவிட்டார்.

பையனின் அம்மா ஒரு தையல்காரி. கிழிந்ததை அப்படியே விடுகிற வழக்கம் அவளுக்கு இல்லை. மனு மேல் மனுவாகப் போட்டதில், ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரை விசாரிக்கச் சொன்னார்கள். அவர் பையன் அடிபட்ட நாளின் தேதியிட்ட காகிதம் அத்தனையும் கேட்டார். ஸ்டேஷன் பிரதி காணாமல் போனது. மேலிடத்துப் பிரதி அதற்கு முன்பே காணாமல் போயிருந்தது. பண்டகசாலை மட்டும், பிறந்ததிலிருந்து ஒரு காகிதத்தையும் கிழித்ததில்லை.

நீதிபதி குளியலறை வரி இருந்த காகிதத்தையும் லத்திப் படிவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஒரே தேதி. ஒரே முத்து முத்தான கையெழுத்து.

“ஏன் இன்ஸ்பெக்டர், பையன் லத்தி மேலயா வழுக்கி விழுந்தான்? அதுவும் பன்னெண்டு தடவை?”

அறையில் யாரோ சிரித்தார்கள். பையன் சிரிக்கவில்லை. அடித்தது யார் என்று அவனுக்குத் தெரியாது. அன்று அவன் தலையில் சாக்கைக் கவிழ்த்திருந்தார்கள்.

“சரி, பதினேழாம் நம்பர் யாருக்குக் குடுத்தது?”

“அந்த ரிஜிஸ்டரைக் கரையான் அரிச்சிடுச்சுங்க ஐயா,” என்றார் இன்ஸ்பெக்டர், கரையானே செத்துப்போன மாதிரித் துக்கத்தோடு.

“அப்ப அடிச்ச கை எதுன்னு தெரியாமலே கோப்பை மூடணுமா? யாருக்காவது ஏதாவது சொல்ல இருக்கா?”

இன்ஸ்பெக்டர் ரைட்டரைப் பார்த்து லேசாகக் கண்ணடித்தார்.

தையல்காரி எழுந்து நேராக ரைட்டரிடம் வந்தாள். அவர் பின்வாங்குவதற்குள் அவருடைய வலது கையைப் பிடித்துக்கொண்டாள். ஊசி குத்திக் குத்திக் காய்த்த விரல்கள்.

“இத்தனை பேர்ல நீங்க ஒருத்தர்தாண்ணே உண்மையை எழுதினீங்க. எம்புள்ளை இனிமே கத்திரிக்கோல் பிடிப்பானான்னு தெரியல. ஆனா உங்க கை நல்லா இருக்கணும்ணே.”

சொல்லிவிட்டு அந்தக் கையைத் தூக்கித் தன் கண்களில் ஒற்றிக்கொண்டாள். ரைட்டரின் தோள்பட்டையில் சுருக்கென்று வலி ஏறியது. அவரால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பார்வையைத் திருப்பினால் பையனின் மடங்காத வலது முழங்கை தெரிந்தது. வாக்குமூலம் தட்டச்சு செய்கிற பெண் இன்னும் விசைகளிலிருந்து விரல்களை எடுக்கவில்லை.

“கையை விடும்மா,” என்றார் ரைட்டர். “பதினேழு என்னோட லத்தி.”