மயிலையின் வாடகை இருமல்

செங்கோடன் வீட்டுப் பசு மயிலை இருமினால் பக்கத்துத் தோப்பில் தேங்காய் விழும். பொறுக்கி வந்தவன் நான், அதனால் சொல்கிறேன்.

அடுத்த மாதம் மாட்டு டாக்டர் வரப்போகிறார் என்ற செய்தி மயிலையின் காதில் விழுந்தது. காசநோய் என்று தெரிந்தால் கன்றிடமிருந்து பிரித்துத் தனியே கட்டிவிடுவார்களே! பூனையைக் கூப்பிட்டது.

"கண்ணு, நான் இருமும்போதெல்லாம் நீ வாயைத் திற. உன் இருமல்னு நினைச்சுக்குவாங்க."

"எனக்கென்ன கிடைக்கும் அக்கா?"

"பீச்சுற பால்ல உனக்குப் பங்கு."

மயிலையின் காய்ச்சாத பாலைக் குடித்துக் குடித்துப் பூனைக்கு நிஜமாகவே இருமல் பிடித்துக்கொண்டது. பூனைக்கும் மானம் உண்டல்லவா? பங்கில் பாதி தருவதாகப் பேசி, தன் இருமலுக்கு வாயசைக்க நாயை அமர்த்தியது. கொஞ்ச நாளில் நாயும் லொக்கு லொக்கு.

செங்கோடன் மட்டும் லேசுப்பட்டவனா? "மடிச் சூடு இருக்கறப்ப அடுப்புச் சூடு எதுக்கு?" என்று நுரையோடு குடிக்கிற ஆள்.

டாக்டர் வந்தார். பசு, பூனை, நாய் மூன்றும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றன. அந்த நேரம் பார்த்துச் செங்கோடன் இருமினான். கூரையில் ஓடு சரிந்தது.

"யாருப்பா அது?"

"இந்த நாய்தானுங்க சார். விவஸ்தை கெட்டது!"

"அடப்பாவி, என்கிட்ட பேரமே பேசலையே!" என்று நாய் பூனையிடம் பொருமியது.

அப்போது மயிலையின் காலடியில் சின்னதாக ஓர் இருமல் கேட்டது. கன்றுக்குட்டி! அதுவும் அதே மடியில்தானே குடிக்கிறது?

டாக்டர் திரும்பிப் பார்ப்பதற்குள் பசு, பூனை, நாய், செங்கோடன் நாலு பேரும் ஒன்றாக வாயைத் திறந்தார்கள்.