டப்பாவுக்குள்ள போன கணக்கு சார்

“அதை மட்டும் சொல்ல முடியாது சார். யார் எழுதினதுன்னு கேட்கக் கூடாது. எங்க கிளாஸ்ல இருக்கிறதே அந்த ஒரு சட்டம்தான்.”

சொல்லிட்டு, மேஜையில கிடந்த ஒட்டு மீசைகளை ஒண்ணொண்ணா எடுத்து உறைக்குள்ள போட ஆரம்பிச்சார் நாடக சார்.

கணக்கு சார் நகர்ற மாதிரி இல்ல. கோபம் வந்தா அவருக்கு முதல்ல காதுதான் சிவக்கும். இப்ப ரெண்டு காதும் சிவந்திருந்துச்சு.

“காலையில உங்க கிளாஸ் வாசல் வழியா போறேன். உள்ள ஒரு பையன் என்னை மாதிரியே நிக்கிறான். சாக்பீஸ் கையை பேன்ட்ல துடைக்கிறான். ‘புரிஞ்சவங்க ஒரு கையைத் தூக்குங்க, புரியாதவங்க ரெண்டு கையையும் தூக்குங்க’ங்கிறான். அத்தனை பேரும் பெஞ்சைத் தட்டிச் சிரிக்கிறாங்க.”

“அது நீங்க தினமும் சொல்றதுதானே சார்?”

“நான் சொன்னா பாடம். அவன் சொன்னா கேலி.”

“நடிச்ச பையன் மேல தப்பில்ல சார்.”

“தெரியும். பிடிச்சு விசாரிச்சாச்சு. டப்பாவுக்குள்ள கையை விட்டேன், இதுதான் வந்துச்சுங்கிறான். அதென்னய்யா டப்பா?”

நாடக சார் அலமாரிப் பக்கம் கையைக் காட்டினார். மூடி நசுங்கின பழைய பிஸ்கட் டப்பா.

“தனி ஆளா நின்னு பேசுற பயிற்சி சார். தெரிஞ்சவங்க ஒருத்தரைப் பத்தி ஆளுக்கொரு காகிதம் எழுதணும். முன் பக்கம், அவராவே மாறிப் பேசணும். பின் பக்கம், அவர் முகத்துக்கு நேரா சொல்ல முடியாததைச் சொல்லணும். கையெழுத்து காட்டிக் குடுத்துடும்னு எல்லாத்தையும் நானே திருப்பி எழுதித்தான் டப்பாவுல போடுவேன். யார் கையில எது வருதோ, அதை நடிக்கணும். இன்னிக்கு முன் பக்கம் முடியறதுக்குள்ள மணி அடிச்சிருச்சு.”

“நல்ல வேளை. என் பொண்ணும் அந்த கிளாஸ்லதான் உட்கார்ந்திருக்கா, தெரியும்ல? அப்பாவைக் கேலி பண்றதைக் கேட்டா பிள்ளை மனசு என்ன பாடுபடும்? எல்லாரும் சிரிக்கிறாங்க, அவ மட்டும் குனிஞ்ச தலை நிமிரல சார். நான் பார்த்தேன்.”

நாடக சார் கையில இருந்த மீசையைப் பார்த்துக்கிட்டே, “ம்”ன்னார்.

“சும்மா விட மாட்டேன். எழுதினது யாரா இருந்தாலும் ஒரு வாரம் சஸ்பெண்ட். ஹெட்மாஸ்டர்கிட்ட பேசியாச்சு. பேர்தான் பாக்கி.”

மீசை எடுக்கிற கை நின்னுச்சு.

“நான்தான் எழுதினேன் சார்.”

“நீங்களா?”

“பிள்ளைங்களுக்கு மாதிரி காட்டறதுக்கு ஒண்ணு எழுதினேன். டப்பாவுல கலந்துபோச்சு.”

“உங்க வேலையே தற்காலிகம். வருஷா வருஷம் ஹெட்மாஸ்டர் மனசு வச்சாத்தான் ஓடுது. யோசிச்சுத்தான் பேசுறீங்களா?”

“யோசிச்சுத்தான் சார்.”

கணக்கு சாருக்கு விடை கிடைச்சிருச்சு. ஆனா வழிமுறை எழுதாம வந்த விடைன்னா அவருக்கு எப்பவுமே கொஞ்சம் உறுத்தும்.

“பக்கத்துல உட்கார்ந்து டீ குடிச்சுக்கிட்டே என்னைக் குறிப்பெடுத்திருக்கீங்க. என்னைப் பத்தி என்னய்யா தெரியும் உங்களுக்கு? தூங்கும்போது கூட ஒழுங்கா இருக்கிறவன் நான். பேப்பர் திருத்திக்கிட்டே நாற்காலியில அசந்துடுவேன். காலையில பார்த்தா கண்ணாடி அழகா மடிச்சு கூட்டுக்குள்ள இருக்கும். என்னிக்காவது மாறியிருக்குமா? மாறாது. அப்படி ஒரு பழக்கம். அந்தப் பேப்பரைக் குடுங்க, ஹெட்மாஸ்டர்கிட்ட காட்டணும்.”

“முன் பக்கத்தை மட்டும் ஜெராக்ஸ் எடுத்துத் தர்றேனே சார்.”

“குடுங்கன்னா.”

பிடுங்காத குறையா வாங்கினார். நாடக சாரோட கோழிக் கிறுக்கலேதான். முன் பக்கத்தைப் படிச்சார். ரெண்டு கை தூக்குற இடத்துல அவருக்கே லேசா உதடு கோணுச்சு. சட்டுனு சரி பண்ணிக்கிட்டு பக்கத்தைத் திருப்பினார்.

‘கிளாஸ்ல பத்து தடவை கேட்டாலும் பத்து தடவையும் சலிக்காம சொல்லித் தர்றீங்க. வீட்டுல ஒரு தடவை கேட்டாலே அப்புறம் பார்க்கலாம்ங்கிறீங்க. நீங்க நாற்காலியில தூங்கினப்புறம் கண்ணாடியைக் கழட்டி, மடிச்சு, கூட்டுக்குள்ள வைப்பேன். உங்க முகத்தைப் பக்கத்துல பார்க்கிறது அப்ப மட்டும்தான். நீங்களே எடுத்து வச்சதா ஊரெல்லாம் பெருமையடிச்சுக்கிறீங்க. பரவாயில்ல, அடிச்சுக்கோங்க.’

கணக்கு சார் இன்னொரு தடவை படிச்சார். காதுல இருந்த சிவப்பெல்லாம் எங்கேயோ போயிருச்சு. கண்ணாடியைக் கழட்டி மீசைகளுக்கு நடுவுல வச்சுட்டு, கண்ணைத் துடைச்சுக்கிட்டார்.

நாடக சார் ஜன்னலுக்கு வெளியே எதையோ மும்முரமா பார்த்துக்கிட்டிருந்தார். அங்க பார்க்க ஒண்ணுமே இல்ல.

“நல்லா எழுதியிருக்கீங்க”ன்னார் கணக்கு சார். “கூடவே இருந்து பார்த்த மாதிரி.”

“சார்...”

“ஹெட்மாஸ்டர்கிட்ட நான் பேசிக்கிறேன். விசாரிச்சேன், ஆள் அகப்படலன்னு சொல்லிடுறேன்.”

காகிதத்தை மடிச்சு டப்பாவுக்குள்ள போட்டு, நசுங்கின மூடியை அழுத்தி மூடினார்.

வாசல்ல அவர் பொண்ணு. பரீட்சை பேப்பர் வாங்க வந்தவ மாதிரி, உள்ள ஒரு கால், வெளிய ஒரு கால்.

“அப்பா, பஸ் போயிடும். வர்றீங்களா?”

“இதோ வந்துட்டேன்”ன்னு எழுந்து போய், அவ புத்தகப் பையை வாங்கித் தன் தோள்ல மாட்டிக்கிட்டார்.

“கண்ணாடியை மேஜையிலேயே விட்டுட்டீங்கப்பா.”

“எப்பவும் போல நீயே எடுத்து மடிச்சு வைம்மா”ன்னு சொல்லிட்டு, திரும்பிப் பார்க்காம முன்னால நடந்தார்.