ஈஸ்வரிக்கு மட்டும் இல்லை

“மருந்து இல்லம்மா. போயிட்டு வா.”

ஆதித்தன் முகத்தைக்கூட நிமிர்த்தாமல் சொன்னார். அவர் முதுகுக்குப் பின்னால் தரையிலிருந்து கூரை வரைக்கும் பூச்சிமருந்து பாட்டில்கள் அடுக்கியிருந்தன. போடி பஜாரில் இதைவிடப் பெரிய உரக்கடை கிடையாது.

ஈஸ்வரிக்கு ஒன்றும் புரியவில்லை. பையிலிருந்து ஒரு கத்திரிக்காயை எடுத்து மேசைமேல் வைத்தாள். காயில் ஓட்டை. கூடவே வாடித் தொங்கும் ஒரு செடி நுனி.

“பாருங்க மொதலாளி. தண்டையும் தொளைக்குது, காயையும் தொளைக்குது. இந்தப் புழுவுக்குத்தான் மருந்து கேக்குறேன்.”

“அதான் இல்லேன்னு சொல்றேன்ல.”

“அந்தா, சித்தப்பு கையில இருக்கே!”

கோட்டைச்சாமி திருதிருவென்று விழித்தார். அவரும் ராசிங்காபுரம்தான். ஈஸ்வரியின் பக்கத்துத் தோட்டக்காரர். அதே புழுவுக்கு அதே மருந்தைச் சற்று முன்தான் வாங்கியிருந்தார். அவருக்கும் முன்னால், மேலே ஏலத்தோட்டத்துக்குப் போகிற ஜீப்பில் பெட்டி பெட்டியாக மருந்து ஏறியதை ஈஸ்வரி பார்த்துக்கொண்டுதான் நின்றாள்.

“அது கடைசி பாட்டிலு” என்றார் ஆதித்தன்.

கோட்டைச்சாமிக்கே சிரிப்பு வந்துவிட்டது.

இந்தக் கோடையில் ஈஸ்வரி பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. கிணறு வற்றி, மோட்டார் சற்று நேரம் ஓடினாலே காற்றைக் கக்கியது. பூவெல்லாம் வெயிலில் கருகி உதிர்ந்தது. தென்னங்கீற்றை வெட்டி நிழலுக்குப் பந்தல் போட்டாள். வேரடியில் செத்தையைப் பரப்பினாள். விடிகாலையில் குடம் குடமாகச் சுமந்து ஊற்றினாள். “பிடுங்கிப் போட்டுட்டு வேற சோலியப் பாரு” என்று புருசன் சொன்னதைக் காதிலேயே வாங்கவில்லை. அக்கினி நட்சத்திரத்தையே தாண்டி வந்த செடி, காய்க்கிற நேரத்தில் புழுவிடம் மாட்டிக்கொண்டது. இந்த வருசத்துக்கு அவளுக்கு இருப்பது இந்த ஒரு வெள்ளாமைதான்.

“எனக்குத் தெரியும் மொதலாளி. இத்தனை வருசமா நான் உங்க கடைப் படியேறல. சாணி, கோமியம், வேப்பங்கொட்டைன்னு ஓட்டிட்டேன். அந்தக் கோவத்த இன்னிக்குக் காட்டுறீங்க.”

“அப்படியே வச்சுக்க.”

வந்த கிராக்கியை வியாபாரி விரட்டுகிற அதிசயத்தை பஜாரில் யாரும் அதுவரை கண்டதில்லை. கோட்டைச்சாமிக்குப் பொறுக்கவில்லை.

“இது நல்லாயில்ல மொதலாளி. யாவாரம்னா எல்லாருக்கும் பொதுவால்ல இருக்கணும்? ஆத்தா, நீ விசனப்படாத. என் பாட்டில்ல பாதிய உனக்கு ஊத்தித் தர்றேன். வெரசா வா, பஸ்சு வந்துரும்.”

அவ்வளவுதான். ஆதித்தன் மேசைக்கு மேலாக எட்டி, அவர் கையிலிருந்த பாட்டிலை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டார்.

“அவளுக்குக் குடுக்கிறதா இருந்தா உமக்கும் கிடையாது!”

கடை வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. “ஒரு பாட்டில்ல என்னய்யா கொறைஞ்சு போயிருவீரு?” என்று யாரோ கேட்டார்கள். ஈஸ்வரிக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தன.

“எஞ்செடி அழிஞ்சா உங்களுக்கு என்னா மொதலாளி கெடைக்கப்போகுது? நல்லா இருங்க!”

முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள்.

“நில்லும்மா” என்றார் ஆதித்தன். உள்ளே போய், மூலையில் தூசி படிந்து கிடந்த அட்டைப்பெட்டி ஒன்றையும் ஒரு கேனையும் தூக்கி வந்தார்.

“இது பூச்சிப் பொறி. செடி உயரத்துக்குக் கம்பு நட்டு அங்கங்க தொங்கவிடு. புழுவப் பெத்த அப்பன் பூச்சியெல்லாம் இந்த வாசத்துக்கு வந்து உள்ள விழுந்துரும். அப்புறம் முட்டை எங்கிட்டு இருந்து வரும்? வாடுன நுனிய எல்லாம் கிள்ளி, ஓட்டைக் காயையும் பறிச்சு எரிச்சுரு. வெயில் தாழ, கேன்ல இருக்கிற வேப்பெண்ணெயக் கலந்து அடி. மிச்சச் செடி பொழைச்சுக்கும்.”

“நெசமாவா?”

“கொஞ்சம் பொறுமை வேணும். இந்த வெயில்லயே செடியக் காப்பாத்துனவ, உனக்கு அதுக்கா பஞ்சம்? தீந்துபோனா வந்து வாங்கிக்க. காசு ஒண்ணும் வேணாம்.”

ஈஸ்வரி பெட்டியை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். திட்டியதற்கு மன்னிப்புக் கேட்பதா, இல்லை இன்னும் நாலு வார்த்தை கேட்பதா என்று தெரியாமல் நின்றாள். கூட்டம் சப்பென்று கலைந்துபோனது. கோட்டைச்சாமி மட்டும் நகரவில்லை.

“ஏன்யா, இப்பிடி ஒரு சாமானை மூலையில போட்டுவச்சுக்கிட்டு எங்களுக்கெல்லாம் இந்த வெசத்தை விக்கிறீரு. இந்தப் பிள்ளை மேல மட்டும் என்னா அம்புட்டு அக்கறை?”

ஆதித்தன் தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“சத்தம் போடாதேயும். உழவர் சந்தையில என் வீட்டுக்காரி இந்தப் பிள்ளைகிட்ட மட்டுந்தான் காய் வாங்குவா. இதுவும் மருந்தடிச்சிருச்சுன்னா, எம்பிள்ளைகளுக்கு நான் எந்தக் காயக் குடுக்கிறது?”