நாலாவது திரை

போன தபசு காலத்தில், ஈஸ்டருக்கு முந்தின ஒரு வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டம் முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது, ஆஸ்டின் டவுன் ரோஸி என்னிடம் சொன்னது இது.

ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு சர்ச் ஹால். ரோஸியின் அப்பா ஓஸ்வால்டுக்கு அன்றைக்கு நினைவு ஆராதனை. அவளை யாரும் கூப்பிடவில்லை. ஜெயவேலுவைக் கட்டிக்கொண்டு வீட்டை விட்டுப் போய்ப் பதினாலு வருஷம். சாவுச் செய்தி தெரிந்து ஓடி வருவதற்குள் பெட்டியை மூடிவிட்டிருந்தார்கள்.

போட்டோ போட்டுக் காட்டுவார்கள் என்று கேள்விப்பட்டுத்தான் வந்தாள். அப்பா முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போய்விட வேண்டும். அவ்வளவுதான்.

ஹாலில் பெரிய பெரிய தூண்கள். எங்கே உட்கார்ந்தாலும் தெரியட்டும் என்று நாலு பக்கமும் நாலு திரை, நாலு புரொஜெக்டர். நாலு வயரும் கடைசியில் ஒரு மேஜை மேல் இருந்த ஒரே பெட்டிக்கு வந்து சேர்ந்தன. மைக், ஸ்பீக்கர் எல்லாம் அதில்தான். பார்த்துக்கொள்பவர் சிரில், ஐம்பது வயதுக்காரர்.

ரோஸி முக்காடு போட்டுக்கொண்டு இடப்பக்கம் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். சிரில் அவளைப் பார்த்தார். திரும்பவும் பார்த்தார். பிறகு மேஜைக்கடியில் குனிந்து எதையோ நோண்டினார்.

விளக்கை அணைத்தார்கள். மூன்று திரைகள் எரிந்தன. ரோஸிக்கு நேரே இருந்தது மட்டும் இருட்டு.

"இங்க ஒண்ணும் வரல பாரு."

"அந்தப் பக்கம் போலாம் வாங்க ஆன்ட்டி."

வரிசை வரிசையாக எழுந்து போனார்கள். ரோஸி எழவில்லை. எழுந்தால் அண்ணன் பார்த்துவிடுவான். தூணுக்கு அந்தப் பக்கம் யாரோ விசும்பினார்கள். யாரோ, "எவ்ளோ முடி பாரேன் அப்ப அவருக்கு" என்று சிரித்தார்கள். அவளுக்குத் தூண்தான் தெரிந்தது.

அண்ணன் எரிக் மேஜைக்கு வந்தான். ரோஸி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"என்னய்யா இது? காலைல நாலும் ஓடிச்சில்ல?"

"இந்த லைன் மட்டும் போயிடுச்சு சார்."

"இத்தனை வருஷமா வயர் பிடிக்கிறீங்க, ஒரு பின் சொருகத் தெரியல. உங்களுக்கு வேலை கத்துக்குடுக்க எங்கப்பா இன்னொரு தடவை சாவாரா?"

சிரில் தலையைக் குனிந்துகொண்டார்.

"செகரட்டரிகிட்ட சொல்லிடறேன். அடுத்த ஞாயிறு வேற ஆள் வரட்டும்."

பதினாலு வருஷத்தில் அண்ணன் சொன்ன ஒன்று ரோஸிக்கும் நியாயமாகப் பட்டது அப்போதுதான்.

ஆராதனை முடிந்து எல்லோரும் பிரியாணிக்குப் போனார்கள். அவள் மேஜைக்குப் போனாள்.

"பிரதர், அந்தப் படத்தை எனக்கு ஒரு தடவை போட்டுக் காட்டுங்க."

"வேணாம் சிஸ்டர். போய்ச் சாப்பிடுங்க."

"சாப்பிட வரல. அவர் எங்கப்பா."

"தெரியும். அதான் வேணாங்கறேன்."

"நீங்க பண்ணின தப்புக்கு நான் அப்பாவைப் பார்க்காமப் போகணுமா?"

 சிரில் குனிந்து, கழன்று கிடந்த ஒரு வயரை எடுத்துச் சொருகினார். நாலாவது திரை பளிச்சென்று எரிந்தது.

"வேணும்னே கழட்டி விட்டீங்களா?" என்றாள் ரோஸி. "நான் உங்களுக்கு என்ன செஞ்சேன்?"

அவர் திரையைக் கைகாட்டினார். படம் ஓடியது.

கப்பன் பார்க். அப்பா கையில் இரண்டு கோன் ஐஸ். ஒன்றை யாருக்கோ நீட்டிக்கொண்டு நிற்கிறார். வாங்க அங்கே யாரும் இல்லை.

அடுத்தது கிறிஸ்துமஸ். அப்பா தோளில் ஒரு சின்னக் கை. கை மட்டும்.

அடுத்ததிலும் ஒரு ஓரம் இல்லை. அதற்கடுத்ததிலும்.

ரோஸி சிரிலைத் திரும்பிப் பார்த்தாள்.

"இந்த முகம் எதுலயும் வரக் கூடாதுன்னு நேத்து எரிக் சார் சொன்னாரு," என்றார் சிரில். "யாருன்னு நான் கேக்கல. ரெண்டு மணி நேரம் உட்கார்ந்து வெட்டினது நான்தான் சிஸ்டர். இன்னிக்கு அதே முகம் வாசல்ல நடந்து வருது. வயரைக் கழட்டறதைத் தவிர எனக்கு ஒண்ணும் தோணல."

அந்த ஹாலில் இப்போது வேறு ஆள். வயரை ஏன் கழட்டினார் என்று சிரில் வேறு யாரிடமும் சொல்லவில்லையாம். உங்கள் ஜெபத்தில் அவர் பேரையும் ஒரு தடவை சொல்லுங்கள்.