மூன்றாம் மாடிக் குழந்தை

“இன்னைக்கு அந்த மேல்வீட்டுக்காரியை நாலு வார்த்தை கேக்காம விடப்போறதில்லை” என்று முணுமுணுத்துக்கொண்டே ஒடாலிஸ் படியேறினாள். சாந்தோ தொமிங்கோ நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் ராத்திரி முழுக்கத் தரை துடைத்துவிட்டு வந்தவள். காலையிலிருந்து மேல்வீட்டுக் கைக்குழந்தை வீல்வீலென்று கத்தியதில் கண்மூட முடியவில்லை.

கரண்ட் வேறு போயிருந்தது. மூன்றாம் மாடியில் அந்த வீட்டுக்குப் போன வாரம்தான் யாரோ குடிவந்திருந்தார்கள். அவளுக்கு அழுகைச் சத்தம்தான் பழக்கம், ஆளைப் பார்த்ததில்லை.

கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே இருபது வயசுப் பெண் ஒருத்தி, கண்ணாடிச் சாமானை ஏந்துகிறவள் மாதிரி குழந்தையை ஏந்திக்கொண்டு குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தாள். வியர்வையில் அவள் தலைமுடி நெற்றியோடு ஒட்டியிருந்தது.

“வந்துட்டீங்களா அக்கா!” என்றாள். “நான் ரொம்ப பயந்துட்டேன். என்ன பண்றதுன்னே தெரியலை.”

திட்ட வந்தவள் கோபத்தை மறந்து உள்ளே போனாள். யாராவது வரமாட்டார்களா என்று தவித்துக் கிடந்திருக்கிறாள், பாவம்.

“பிள்ளையை இப்படியா பிடிக்கிறது? கொடு இங்க.”

அந்தப் பெண் மறுபேச்சில்லாமல் கொடுத்துவிட்டாள். தொப்புள்கொடிகூட இன்னும் காய்ந்து விழவில்லை. வயிறு மத்தளம் மாதிரி விறைத்திருந்தது. முழங்கால்களை நெஞ்சுவரை இழுத்துக்கொண்டு, முகம் கருத்துப்போகும் அளவுக்கு முக்கினான்.

“காத்து அடைச்சிருக்கு. கடைசியா எப்ப பால் குடிச்சான்?”

“தெரியலையே. நான் எதுவும் கொடுக்கலை அக்கா. எதையாவது கொடுத்து ஏதாவது ஆயிட்டா?”

பால் கொடுக்கக்கூட பயமா! ஒடாலிஸுக்குத் தன் மூத்தவனைப் பெற்ற நாள் ஞாபகம் வந்தது. அவளும் இப்படித்தான் நடுங்கினாள், பக்கத்தில் ஒருவரும் இல்லாமல்.

“சரி, ஒரு துணி எடு. கொஞ்சம் எண்ணெயும் கொண்டா.”

அந்தப் பெண் ஒவ்வோர் அலமாரியாகத் திறந்து பார்த்தாள். எல்லாம் காலி. கடைசியில் தன் கழுத்துத் துணியையே அவிழ்த்துக் கொடுத்தாள்.

இந்தக் கதியில் இருப்பவளைப் போய்த் திட்ட வந்தோமே என்று ஒடாலிஸுக்குக் கூசியது. துணியைக் கையில் விரித்து, குழந்தையைக் குப்புறக் கிடத்தி, முதுகை மெல்லத் தடவினாள். பிறகு மடியில் மல்லாத்தி, கால்களை மாற்றி மாற்றி மடக்கி வயிற்றில் அழுத்தினாள்.

“டேய் வாயாடி, தெருவையே கூட்டிட்டியே! போதும்டா ராசா.”

வெகுநேரம் எதுவும் நடக்கவில்லை. அவன் குரல் கம்மி, மூச்சு இழுத்தது. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடலாமா என்று ஒடாலிஸ் எழப்போன நேரத்தில், பெரிய மனுஷன் மாதிரி டர்ரென்று ஒரு சத்தம்.

அந்தப் பெண் களுக்கென்று சிரித்துவிட்டாள். ஒடாலிஸும்தான். தோளில் போட்டுத் தட்டியதும் ஓர் ஏப்பம், பிறகு ஒரு கொட்டாவி. விறைத்திருந்த கைகால்கள் துவண்டன. தூங்கிவிட்டான்.

“எவ்வளவு லேசா செஞ்சிட்டீங்க!” என்று அந்தப் பெண் பெருமூச்சு விட்டாள். “சரிக்கா, அப்ப நான் கெளம்பறேன்.”

“கெளம்பறியா? எங்க?” ஒடாலிஸ் சிரித்தாள். “தூங்க வேண்டியவ நான், எனக்குத்தான் கண்ணு சொக்குது. இந்தா, பிடி. முழிச்சதும் பால் கொடு.”

அந்தப் பெண் கையை நீட்டவில்லை. ஓரடி பின்னால் நகர்ந்தாள்.

“நானா? நான் எதிர்வீட்டுக்கு நேத்து குடிவந்தவ அக்கா. இவன் தனியாக் கிடந்து அழுதான்னு ஓடிவந்தேன்.”

ஒடாலிஸ் காலி அலமாரிகளைப் பார்த்தாள்.

“நீங்கதானே இவன் அம்மா?”