அண்ணாச்சியின் பெட்ரோல் மூடி

"எந்த மூதி என் வண்டிப் பூட்டுல மண்ணை அடைச்சது?"

எபினேசர் அண்ணாச்சி போட்ட சத்தத்தில், கல்மண்டபம் மெக்கானிக் ஜாபரின் கையிலிருந்த டீ தளும்பியது.

அண்ணாச்சியின் பைக் அவர் கல்யாணத்துக்கு முன்னால் வாங்கியது. பெட்ரோல் மூடியில் ஒரு பூட்டு. சாவித் துவாரத்தை மூட, நகரும் குட்டித் தகடு ஒன்று. இன்று தகட்டை நகர்த்தி சாவியை விட்டால், பாதிகூட நுழையவில்லை. டேங்கும் காலி. மளிகைக் கடையிலிருந்து உருட்டிக்கொண்டே வந்திருக்கிறார்.

"யாரு பண்ணியிருப்பா அண்ணாச்சி?"

"வேற யாரு? இவருதான்." எதிரே ஆட்டோவில் உட்கார்ந்திருந்த கோதண்டத்தைக் காட்டினார். "என் கடை வாசல்ல ஆட்டோ நிறுத்தாதயும்னு சொன்னேன். அந்தக் கடுப்பு."

போன வாரம் நடந்த அந்தச் சண்டையில் இருவரும் ஒருவர் தாத்தா வரைக்கும் ஒருவர் போய்விட்டு வந்தார்கள்.

ஒன்று கேட்டால் ஒன்பது சொல்லும் கோதண்டம் இன்று கம்மென்று இருந்தார். கண் மட்டும் அந்த மூடியையே சுற்றியது. திருட்டு முழி என்றால் அதுதான்.

"பாத்தியா ஜாபரு, வாயைத் தொறக்காரா? ஸ்டேஷன்ல எழுதிக் குடுக்கேன். ஆட்டோ அங்கன கிடந்து வெயில் காயட்டும்."

கோதண்டத்துக்கு முகம் வெளுத்தது. ஆட்டோ ஓடினால்தான் வீட்டில் அடுப்பு எரியும்.

ஜாபர் சைக்கிள் போக்ஸ் கம்பியால் துவாரத்தைக் குடைந்தார். மஞ்சளாக ஏதோ பொடிப்பொடியாக உதிர்ந்தது. முகர்ந்து பார்த்தார்.

"அண்ணாச்சி, மண்ணு இல்ல. சந்தனம். குங்குமமும் கீது."

நேற்று ஆயுத பூஜை. தெருவில் சக்கரம் உள்ள எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தாயிற்று, குழந்தைகளின் நடைவண்டிக்குக்கூட. அண்ணாச்சி வண்டிக்கு மட்டும் யாரும் வைப்பதில்லை. அவர் மனைவி தேவப்பிரியம் ஜெபக்கூட்டம் ஒன்றையும் விடாதவர். போன வருடம் எவரோ வைத்த பொட்டைச் சோப்புப் போட்டுத் தேய்த்துவிட்டு, தெருவையே ஒரு முறை முறைத்தவர்.

கோதண்டம் ஆட்டோவை விட்டு இறங்கினார்.

"நான்தான் வெச்சேன். கன்டெய்னர் லாரி வர்ற ரோட்ல நீ ஓயாம வுழுந்து எழுந்துகினு கீறே. ஒரு தபா எழுந்துக்காம போய்ட்டின்னா? பேஜாரா பூட்ச்சி. வெளிய வெச்சா தொடச்சிருவாங்க. அதான் தகட்டுக்கு உள்ள வெச்சேன்."

"கேட்டப்பவே ஏன்வே சொல்லல?"

"நடுரோட்ல சொல்லி, அது உன் வூட்டுக்காரம்மா காதுக்குப் போனா, உன்னிய உள்ள வுடுமா?"

ஜாபர் சாவியைத் திருப்ப, மூடி திறந்துகொண்டது.

அண்ணாச்சி மூடியை ஒரு தடவை தடவிப் பார்த்தார். வெறுமனே இருமினார். தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, கோதண்டத்தின் காதருகே குனிந்தார்.

"அடுத்த வருஷம் சீட்டுக்கு அடியில வையும்வே. அங்க அவ பாக்க மாட்டா."